குதிரைக்காரனும் மிஸியும்

மிஸி கதைப்புத்தகம் வாசிக்கும்போது வெளியில் நின்று கேட்கிறவர்கள், வீட்டுக்குள் யாரோ ஒருவனை நிறுத்திவைத்து ஏசுகிறார் என்றுதான் நினைப்பார்கள். "அட மூதேவி!" என்பார். "உனக்கு வெக்கமில்லையா?" என்பார். புத்தகத்தைப் பட்டென்று மூடி அரிசிப் பெட்டிக்கு மேலே கவிழ்த்துப் போடுவார். முற்றத்துக்குப் போய், ஏற்கனவே கூட்டி முடித்த முற்றத்தைத் திரும்பவும் கூட்டத் தொடங்குவார். பாதியிலே விளக்குமாறு ஒரு பக்கம் கிடக்க, ஓடிவந்து புத்தகத்தை எடுப்பார்.

"இனித் தொடமாட்டன் எண்டீங்களே மிஸி?" என்று கேட்பேன்.

"எண்டன்தான். மறுகா என்ன நடந்ததெண்டு பாக்க வேணாமா?"

மண்டூருக்குக் கிட்ட, வாவிக்கரையோரம் இருந்த சின்ன ஆஸ்பத்திரி ஒன்றில் அவர் மருத்துவிச்சி. நான் மருந்து கொடுக்கிறவள். என் ஊர் அமிர்தகழி. அது சண்டைக் காலம். ஆஸ்பத்திரி இருந்த படுவான்கரையிலிருந்து வாவியைக் கடந்து, கடல் பக்கமான எழுவான்கரைக்குப் போய், அங்கிருந்து பஸ் பிடித்து, சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறி வீடு போய்ச் சேர்வது நினைத்த நாளில் நடக்காது. அதனால் ஆஸ்பத்திரிக் குவாட்டர்ஸில் அவரோடு ஒரே வீட்டில் இருந்தேன். ஊர் அவரை மிஸி என்றே அழைத்தது. நாற்பதைத் தாண்டிய வயது. கலியாணம் முடிக்கவில்லை. ஒருமுறை மட்டும் அதைப் பற்றிச் சொன்னார்: "என்னைப் பாக்க வந்தவன் என்ட பல்லைப் பாத்தான், தகப்பன்ட காணியைப் பாத்தான். என்ட முகத்தைப் பாக்கல்ல. எழும்பிப் போயிட்டன்."

ஓர் இடத்தில் இருக்க அவருக்குத் தெரியாது. சோறும் நின்றுகொண்டுதான். வாசிப்பதும் நடந்துகொண்டுதான். குவாட்டர்ஸ் விறாந்தையில் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போய்த் திரும்புவதற்குள் ஒரு பக்கம் முடிந்துவிடும். பிரசவக் கருவிகளை அடுப்பில் அவியவைத்துவிட்டு, பானைக்குப் பக்கத்திலே நின்று வாசிப்பார். தண்ணீர் வற்றிப் பானை சுடுகிற மணம் வந்தால்தான் இந்த உலகத்துக்கு வருவார்.

அந்தப் புத்தகம் ஒரு சரித்திரக் கதை. வார இதழில் தொடராக வந்ததை யாரோ கிழித்துச் சேர்த்துத் தடிப்பாகக் கட்டியிருந்தார்கள். முன்பக்கம் இல்லாததால் அதன் பெயர் எங்களுக்குத் தெரியாது. வெளிநாட்டுக்குப் போன குடும்பமொன்று விட்டுப்போன சாமான்களோடு மிஸியிடம் வந்து சேர்ந்தது. கதை இதுதான்: ஒரு படைத்தலைவன், எதிரி நாட்டுச் சிற்றரசனின் மகளைக் குதிரையில் தூக்கிக்கொண்டு போய்விடுகிறான். தகப்பன் கோட்டையைக் கொடுத்தால் மகளைத் திருப்பித் தருவதாக ஓலை அனுப்புகிறான். அதற்கிடையில் அவளுக்கு அவன்மேல் காதல் வந்துவிடுகிறது. அவனுக்கும்.

மிஸி அவனைப் பெயர் சொல்லி அழைக்கமாட்டார். 'குதிரைக்காரன்' என்பார்.

"தங்கச்சி, இஞ்ச கேளு. மயக்கமாக் கிடக்கிறவளைத் தூக்கிக்கொண்டு போயிருக்கான். கண் முழிச்சவள் என்ன செய்யவேணும்? கல்லெடுத்து எறியவேணும். இவள் அவன்ட மார்பு அகலத்தைப் பாக்கிறாள்!"

"அப்ப ஏன் வாசிக்கிறீங்க?"

"எழுதியிருக்கான் கா, நல்லா. நாசமாப்போவான், அந்த ஆத்தங்கரையை எழுதியிருக்கிற மாதிரி ஒருத்தரும் எழுத ஏலாது. அவனும்..." என்று இழுத்தார். "நல்லாத்தான் இருக்கிறான், அந்தக் குதிரைக்காரன். அதுதான் ஆத்திரம்."

போர் வருகிற அத்தியாயங்களை அவர் வாசிப்பதில்லை. தாளைத் தாளாகப் புரட்டிவிடுவார். "சண்டை எங்களுக்கென்ன புதினமா?" என்பார். காதல் வருகிற இடங்களை மட்டும் இரண்டு தரம் வாசிப்பார். முதல் தரம் ரசிக்க, இரண்டாம் தரம் ஏச.

வாவியைக் கடக்க அங்கே ஒரு தட்டைப் படகு இருந்தது. அதைப் 'பாதை' என்பார்கள். ஆட்கள், சைக்கிள், மாட்டு வண்டி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு கம்பு ஊன்றித் தள்ளிப் போகும். ஒருநாள் நடு வாவியில் ஹெலி ஒன்று தாழ வந்து எங்களைச் சுற்றியது. எல்லோரும் குந்தித் தலையைப் பொத்திக்கொண்டோம். மிஸியும் குந்தினார், ஆனால் ஒரு விரல் புத்தகத்துக்குள் செருகியிருந்தது. ஹெலி போன பிறகுதான் எழும்பினார். "இப்ப செத்திருந்தா, அவன் அவளை விட்டானா இல்லையா எண்டு தெரியாமலே போயிருக்கும்" என்றார். பாதையிலிருந்தவர்கள் சிரித்தார்கள். மிஸி சிரிக்கவில்லை.

அந்த வருசம் கோயில் திருவிழாவில் அது நடந்தது. எழுவான்கரையிலிருந்து தகப்பனோடு தீர்த்தம் பார்க்க வந்த மீன்பிடிக் குடும்பத்துப் பெண்பிள்ளை ஒன்றை, எங்கள் பக்கத்துப் பொடியன் ஒருவன் இரண்டு கூட்டாளிகளோடு வந்து பட்டப்பகலில் ட்ரக்டரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். பிள்ளைத்தாய்ச்சிகளைப் பரிசோதிக்கிற கிளினிக் நாளன்று பெண்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். "கதையில வாற மாதிரி மிஸி! சனத்துக்கு நடுவால தூக்கிக்கொண்டு போனானாம்!"

"ட்ரக்டர்லயா?" என்று மிஸியும் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "அவள் என்ன சொன்னாளாம்?"

அது ஒருத்திக்கும் தெரிந்திருக்கவில்லை.

அந்தப் பொடியனை எங்களுக்குத் தெரியும். ஊரில் எல்லோருக்கும் பிடித்தவன். வயல்வெளியான வட்டையில் தகப்பனுக்கு நிறையக் காணி இருந்தது. சாமான் தடைப்பட்ட காலத்தில் எப்படியோ மண்ணெண்ணெய் கொண்டுவந்து வீடு வீடாகக் கொடுத்தவன். வெள்ளம் வந்த மாரியில், ட்ரக்டர் மூழ்குமோ என்று பாராமல் மிஸியை ஏற்றிக்கொண்டு ஒரு பிரசவத்துக்குப் போனவன். தாயும் பிள்ளையும் தப்பியது அவனால் என்று மிஸியே சொல்லியிருக்கிறார். பெண்ணின் தகப்பன் வந்து அழுதுவிட்டுக் கடைசியில் சம்மதித்துவிட்டாராம். பெயர் கெட்டுப்போன பிள்ளையை இனி யார் முடிப்பார்? குமர்ப்பிள்ளையை வீட்டில் வைத்திருக்கப் பயந்த காலம் அது. ஒருவன் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டால் போதும் என்று பெற்றவர்கள் நினைத்தார்கள்.

அன்று முழுவதும் மிஸி புத்தகத்தைத் தொடவில்லை. கிணற்றடிக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருந்தார்.

அடுத்த நாள் அவனுடைய தாய் ஆள் அனுப்பினாள். பெண் சாப்பிடுகிறாளில்லையாம், சத்தியெடுக்கிறாளாம், மிஸி வந்து பார்க்கவேண்டுமாம். பையைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். தாய் வாசலிலேயே எங்களை மறித்துக் குரலைத் தாழ்த்தினாள்.

"வேற ஏதும் வயித்தில கிடக்கோ எண்டு பாத்துச் சொல்லுங்க மிஸி. தாலி கட்டுறதுக்கு முதல் எங்களுக்குத் தெரியவேணும்தானே."

"பாப்பம். எல்லாரும் வெளியில நில்லுங்க."

மிஸி கதவைச் சாத்தினார். மருத்துவிச்சி சாத்திய கதவைத் தட்டுகிற துணிவு அந்தப் பகுதியில் ஒருத்தருக்கும் இல்லை.

உள்ளே அந்தப் பிள்ளை பாயில் இருந்தாள். இருபது வயது இருக்கும். கலியாணத்துக்கென்று அள்ளி அள்ளி மஞ்சள் பூசிக் குளிப்பாட்டியிருந்தார்கள். முகம், கழுத்து, கை எல்லாம் மஞ்சள். அழுது அழுது கண் வீங்கியிருந்தது.

மிஸி அவள் முன்னால் குந்தினார். "பிள்ளை, நீ விரும்பித்தான் வந்தியா?"

"என்னை ஆரு கேட்டது?"

"முதல்ல பழக்கமில்லையா?"

"ஐஸ்பழம் வாங்கித் தந்தார். சிரிச்சன். அவ்வளவுதான் மிஸி."

"இப்ப உனக்கு என்ன வேணும்?"

"வீட்ட போகணும்."

மிஸி எழும்பி அந்தச் சிறிய அறைக்குள் நாலைந்து தரம் நடந்தார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. பிறகு கதவைத் திறந்தார்.

"செங்கமாரி" என்றார்.

மஞ்சள் காமாலை என்றதும் எல்லோரும் ஓரடி பின்னால் போனார்கள்.

"கண்ணைப் பாருங்க, தோலைப் பாருங்க. இது கடுமையான செங்கமாரி. வீட்டில வெச்சிருந்தா எல்லாருக்கும் தொத்தும். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும்."

"அது மஞ்சள் பூசினது மிஸி..." என்றாள் தாய்.

"மஞ்சளும் கிடக்கு. அதுக்குக் கீழ செங்கமாரியும் கிடக்கு. நான் பொய்யா சொல்றன்?"

ட்ரக்டரில் எங்களை ஏற்றிக்கொண்டு வந்தது அவன்தான். பின்னால் பூட்டிய பெட்டிக்குள் வைக்கோல் பரப்பிப் பாய் விரித்திருந்தான். தெருவிலிருந்த பள்ளங்களைப் பார்த்துப் பார்த்து, நோயாளிக்கு உலுக்காமல், நடக்கிற வேகத்தில் ஓட்டினான். மிஸி என் காதுக்குள் சொன்னார்: "பாத்தியா எப்பிடி ஓட்டுறான் எண்டு? மூதேவி. ஒரு சொல்லுக் கேட்டிருந்தா என்ன?"

ஆஸ்பத்திரிக்குப் பொறுப்பாக இருந்த ஐயா பிள்ளையின் கண்ணை விரித்துப் பார்த்தார், மிஸியைப் பார்த்தார், அனுமதிக்கிற துண்டை எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். வார்டில் இடமில்லை என்று சொல்லி மிஸி அவளைக் குவாட்டர்ஸுக்குக் கொண்டுவந்தார். கலியாணம் தள்ளிப்போனது. தகப்பனுக்குச் சேதி அனுப்பினோம். அவர் வந்து வேலிக்கு வெளியிலேயே நின்றார். "இனி நான் என்னெண்டு கூட்டிக்கொண்டு போறது மிஸி? ஊருக்கு என்ன முகத்தைக் காட்டுறது?" என்று சொல்லிவிட்டு, மகளுக்கென்று கொண்டுவந்த கருவாட்டுப் பொதியை வேலியில் தொங்கவிட்டுப் போனார்.

அந்த நாட்களில் குவாட்டர்ஸில் மூன்று பேரும் கதை வாசித்தோம். மிஸி நடந்துகொண்டே உரத்து வாசிப்பார். பிள்ளை வெங்காயம் உரிப்பாள். நான் மருந்துப் பொட்டலம் சுற்றுவேன். குதிரைக்காரன் இளவரசியின் காலில் குத்திய முள்ளை எடுக்கிற இடத்தில் மிஸியின் குரல் இளகிப்போகும். அடுத்த வரியிலேயே, "முள்ளு குத்தினது ஆரால? இவன் தூக்கிக்கொண்டு வந்ததாலதானே?" என்று வெடிப்பார். பிள்ளைக்கு அந்தக் கதை அவ்வளவாகப் பிடிக்கவில்லை. "அந்தப் பொம்பிளைக்கு வேற வேலையில்லையா மிஸி?" என்று ஒருநாள் கேட்டாள். மிஸிக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

அவன் அடிக்கடி வந்தான். வேலிக்கு வெளியே ட்ரக்டரை நிறுத்திவிட்டு இளநீர்க் குலையை இறக்கிவைப்பான். "எப்பிடி இருக்கு மிஸி?" என்பான். "அப்பிடியேதான். கிட்ட வராத" என்பார் மிஸி. அவன் போன பிறகு வேலி இடுக்குக்குள்ளால் பார்த்துக்கொண்டு நிற்பார். "கெட்டவனெண்டா எவ்வளவு சுகம்" என்பார். "நல்ல பொடியனாயிருக்கிறதாலதான் என்ட நெஞ்சு இப்பிடி அடிக்குது."

செங்கமாரியை எவ்வளவு காலத்துக்கு இழுக்கலாம்? ஒரு காலையில் மிஸி அவனை வேலியடிக்குக் கூப்பிட்டார்.

"தம்பி, பிள்ளைக்குச் செங்கமாரி இல்ல."

அவன் தலையைக் குனிந்தான். "தெரியும் மிஸி. அம்மாதான் நம்பினா."

மிஸி கொஞ்சம் தடுமாறித்தான் போனார். "அப்ப ஏன் பேசாம இருந்த?"

"அவ அழுதுகொண்டிருந்தா. இஞ்ச வந்தா அழமாட்டா எண்டு நினைச்சன்."

"நீ அவளிட்டக் கேட்டியா?"

"என்னத்தை?"

"சம்மதமா எண்டு."

அவன் விழித்தான். உண்மையில் அது அவனுக்குத் தோன்றியிருக்கவே இல்லை. "நான் அவவை நல்லா வெச்சிருப்பன் மிஸி. ஒரு குறையும் வராது."

"அது எனக்குத் தெரியும். அதையா நான் கேட்டன்?"

மிஸி உள்ளே வந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனார். வேலிக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் அவள். அவன் சேட்டுக் கையை இழுத்துவிட்டான். வெள்ளத்துக்குள் ட்ரக்டர் விட்ட ஆள், நாக்கு ஒட்டிக்கொண்டு நின்றான்.

"உமக்கு... என்னை முடிக்கச் சம்மதமா?"

"வேணாம்" என்றாள் அவள். கோபமாகச் சொல்லவில்லை. கடைக்காரன் நீட்டிய துணியை வேண்டாமென்பது போலச் சொன்னாள்.

"சரி" என்றான். இளநீரை வேலியடியில் வைத்தான். ட்ரக்டரில் ஏறியிருந்தும் அதை முடுக்க அவனுக்கு நெடுநேரம் பிடித்தது.

ட்ரக்டர்ச் சத்தம் ஓய்ந்ததும் மிஸி அந்தப் பிள்ளைமேல் பாய்ந்தார். "ஏன் பிள்ளை? என்ன குறை அவனில? கண்ணில தண்ணியோட நிண்டானே, கண்டியா? ஒரு நாள் யோசிச்சுச் சொல்லுறன் எண்டாவது சொல்லியிருக்க ஏலாதா?"

பிள்ளை திகைத்துப் போனாள். "நீங்கதானே மிஸி கேக்கச் சொன்னீங்க?"

மிஸி கிணற்றடிக்குப் போய், நிறைந்திருந்த வாளியைக் கொட்டிவிட்டுத் திரும்ப அள்ளினார். பின்னேரம் என்னிடம் வந்து சொன்னார்: "கேக்கவேணும் கேக்கவேணும் எண்டு குதிச்சன் கா. ஓம் எண்டு சொல்லுவாள் எண்டுதான் உள்ளுக்க நினைச்சுக்கொண்டு இருந்திருக்கிறன். பாத்தியா என்ட புத்தியை?"

தகப்பன் கூட்டிப்போக மறுத்துவிட்டதால் டவுனில் கன்னியாஸ்திரிகள் நடத்திய தையல் வகுப்பில் அவளைச் சேர்ப்பதென்று மிஸி முடிவு செய்தார். அவரே கூட்டிக்கொண்டு போனார். சாவடியில் ஆமிக்காரர் பிள்ளையைத் தனியாக நிறுத்தி, படுவான்கரையில் என்ன வேலை, யார் இவள் என்று கேட்டார்களாம். "என்ட மகள்" என்றாராம் மிஸி. அடையாள அட்டையில் விலாசம் வேறாக இருக்கிறதே என்றதற்கு, தனக்குத் தெரிந்த சிங்களத்தில் கத்தி அழுது ஊரைக் கூட்டிவிட்டாராம். விட்டுவிட்டார்கள்.

ஊர் அதை மறக்கவில்லை. பொடியனின் தாய் கோயில் வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள். கொஞ்சக் காலம் பிரசவத்துக்கு மிஸியைக் கூப்பிடாமல் பழைய மருத்துவிச்சி ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு போனார்கள். மிஸிக்கு அது பெரிதாக இல்லை. அதற்குப் பிறகு திரும்பவும் சண்டை மூண்டது. பாதை நின்றது. டவுனில் ஆட்களைப் பிடிக்கிறார்கள், போனவர்கள் வருகிறார்களில்லை என்று கதை வந்தது. கதை மட்டும் வந்தது. அந்தப் பிள்ளையைப் பற்றி ஒரு சேதியும் வரவில்லை.

"இஞ்ச இருந்திருந்தா ஒரு வீட்டுக்குள்ள இருந்திருப்பாள்" என்பார் மிஸி திடீரென்று, சோறு வடித்துக்கொண்டிருக்கும்போது. நான் பதில் சொல்வதற்குள், "இல்ல. அவள் வேணாமெண்டாள்" என்று தானே சொல்லிக்கொள்வார். புத்தகத்தைக் கையில் எடுப்பார், விறாந்தையில் நடப்பார். தாள் மட்டும் புரளாது.

பொடியன் பிறகு வட்டைப் பக்கம் ஒரு சொந்தக்காரப் பெண்ணை முடித்தான். அவளுக்கு வலி கண்டபோது பிள்ளை குறுக்கே கிடந்தது. பழைய மருத்துவிச்சி கையை விரித்துவிட்டாள். அவன் ஓடி வந்தான். தாயும் பின்னால் வந்தாள், தலைமுடி விரிந்து கிடக்க. மிஸி ஒன்றும் கேட்கவில்லை. நடந்துகொண்டே பையை எடுத்தார். தூரத்தில் ஷெல் விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்த ஒரு பகல் முழுக்க அந்த அறைக்குள் பாடுபட்டோம். வெளிச்சம் மங்குவதற்குள் ஆண் பிள்ளை, தாயும் சுகம். பொடியனின் தாய் மிஸியின் இரண்டு கையையும் பிடித்துத் தன் முகத்தில் ஒற்றிக்கொண்டாள்.

அவன் எங்களைக் கரைவரை கொண்டுவந்து விட்டான். இறங்கிய பிறகுதான் கேட்டான், வாவியைப் பார்த்தபடி.

"அவ சுகமா இருக்கிறாவா மிஸி?"

"நல்ல சுகம்" என்றார் மிஸி உடனே. "தைக்கப் பழகிட்டாள். சந்தோசமா இருக்கிறாள்."

"நல்லது" என்றான். அவன் முகம் உண்மையாகவே தெளிந்தது.

அவன் போனதும் நான் மிஸியைப் பார்த்தேன். "சேதி வந்ததா? எனக்குச் சொல்லவே இல்லையே."

"எனக்கென்ன தெரியும்? உசிரோட இருக்கிறாளோ என்னவோ." அவர் உதடு கோணியது. "நாளைக்குப் போறன்."

பாதை ஓடாத நாட்கள் அவை. மீன்பிடிக்கிற ஒருவரைப் பிடித்து, அவருடைய சின்னத் தோணியில் போனார். நான் எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. அவர் திரும்பி வரும்வரை எனக்கு வீட்டுக்குள் இருக்க முடியவில்லை. அவரைப் போலவே விறாந்தையில் நடந்து திரிந்தேன்.

ஒரு பின்னேரம் வந்து சேர்ந்தார். செருப்பில்லை. காலெல்லாம் சேறு. முகத்தைப் பார்த்து ஒன்றும் ஊகிக்க முடியவில்லை.

"இருக்கிறாள்" என்றார். "மார்க்கெட் பக்கம் ஒரு தையல் கடையில. தடிச்சுப்போனாள் கா, கன்னமெல்லாம் ஊதி."

"உங்களைக் கண்டதும் என்ன சொன்னாள்?"

"நான் செக்பொயின்ற் செக்பொயின்றா ஏறி இறங்கிப் போய் வாசல்ல நிக்கிறன். தலையைத் தூக்கிப் பாத்தாள். 'பள்ளிக்கூடச் சட்டை இன்னும் கொஞ்சம் தைக்கக் கிடக்கு மிஸி. இன்னொரு நாளைக்கு வாங்களன்' எண்டாள். குனிஞ்சிட்டாள். மிசின் ஓடத் தொடங்கிட்டுது."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். ஒரு பிளேன்டீகூடத் தரல்ல."

மிஸி விறாந்தைத் தூணில் சாய்ந்துகொண்டு சிரிக்கத் தொடங்கினார். சேற்றுக் காலோடு, கண்ணில் தண்ணீர் வழிய, நிறுத்த முடியாமல் சிரித்துக்கொண்டேயிருந்தார்.